'பறையன்' என்று அடித்தால் பூட்டிக்கொள்கிற பெட்டி

என் பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள். பொன்மலையைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களில் ஒன்று. பேரை எழுதப் போவதில்லை. அவள் இன்னும் அங்கேதான் படித்தாக வேண்டும். விடுதலைக்கு முன்னால் பத்திரிகை நடத்திய தமிழர் ஐந்து பேரைப் பற்றிக் குறிப்பு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். "பாரதியை எல்லாப் பிள்ளைகளும் எழுதும், நீ நம்மாள் ஒருத்தரையும் சேர்த்து எழுது" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். நான் சொன்ன பேர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் சென்னையில் அவர் தொடங்கிய பத்திரிகையின் பேர் 'பறையன்'.

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் அந்தப் பேரை அடித்திருக்கிறாள். திரை முழுக்கச் சிவப்பு. இந்தச் சொல்லுக்கு அனுமதியில்லை, உங்கள் தேடல் பதிவு செய்யப்பட்டுள்ளது என்று இங்கிலீசில் இரண்டு வரி. பக்கத்துப் பிள்ளைகள் சிரித்திருக்கின்றன. டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "கெட்ட வார்த்தையெல்லாம் ஏம்மா அடிக்கிற?" என்று கேட்டிருக்கிறார்.

சாயங்காலம் வந்து பையை வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "தாத்தா, நம்ம பேரு கெட்ட வார்த்தையா?"

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருசம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் அப்பா அங்கே கலாசி. அறுபத்தெட்டு வயதில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒன்றும் பெரிய மர்மமில்லை. ஒரு பட்டியலில் சில சொற்கள், இன்னொரு பட்டியலில் சில தளங்கள். நீங்கள் அடிக்கிற எழுத்துகளைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் கதவைச் சாத்தும். அர்த்தம் அதற்குத் தெரியாது. யார் சொல்கிறார்கள், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள், திட்டுகிறார்களா வரலாறு படிக்கிறார்களா என்பதெல்லாம் தெரியாது. 1996இல் இங்கிலாந்தில் ஸ்கந்தோர்ப் என்ற ஊர்க்காரர்கள் ஏ.ஓ.எல். என்ற கம்பெனியில் தங்கள் ஊர்ப் பேரைக் கொடுத்துக் கணக்குத் தொடங்க முடியாமல் போனது. அந்தப் பேருக்கு நடுவில் ஒரு ஆபாசச் சொல்லின் எழுத்துகள் அடுத்தடுத்து வந்துவிட்டன. ஊரே ஆபாசம் என்று மிஷின் முடிவு செய்துவிட்டது. உலகமே சிரித்தது. அந்த ஊர்க்காரனுக்கு அது ஒரு வேடிக்கைக் கதை. என் பேத்திக்கு அப்படியில்லை. ஏனென்றால் அந்த மிஷின் சொன்னதைத்தான் ஊரும் ஆயிரம் வருசமாகச் சொல்லிக்கொண்டு வருகிறது.

அந்தச் சொல்லால் தெருவில் எங்களை அடிக்கிறார்களே, அதைத் தடுக்க வேண்டாமா என்று நல்லெண்ணத்தோடு கேட்கிறவர்கள் உண்டு. டீச்சரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவருக்குச் சொல்கிறேன். சீனிவாசனுக்கும் அது வசைச்சொல் என்று தெரியும். தெரிந்துதான் வைத்தார். எந்தப் பேரைச் சொல்லி ஒதுக்கினார்களோ அந்தப் பேரோடு வெளியே வந்து உரிமை கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. அயோத்திதாசப் பண்டிதருக்கு அதில் உடன்பாடில்லை. அது பிறர் நம்மேல் ஒட்டிய பேர், நமக்கு வேறு பூர்வீகம் உண்டு என்று வாதாடியவர் அவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று தன் பத்திரிகைக்குப் பேர் வைத்தார். இரண்டு பேரும் உறவுக்காரர்கள். ஒரு சொல்லை வைத்துக்கொள்வதா தூக்கிப்போடுவதா என்று நூறு வருசத்துக்கு முன்பே நமக்குள் பெரிய விவாதம் நடந்திருக்கிறது. அந்த விவாதம் நம்முடையது. எந்த ஊரிலோ உட்கார்ந்து பட்டியல் போட்ட ஒரு கம்பெனிக்காரன் ஒரே தட்டில் அதைத் தீர்த்துவைக்க யார் அதிகாரம் கொடுத்தது?

சரி, சொல்லைத் தடுத்தால் சாதி நின்றுவிடுமா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? பன்னிரண்டாவது படித்த தலித் பையனை, கூடப் படித்த ஆதிக்க சாதிப் பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கச்சிக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பிள்ளைகள் கையில் சாதி காட்டக் கட்டுகிற கலர் கயிற்றைத் தடை செய்யணும், பள்ளிக்கூடப் பேர்களிலிருந்து சாதியை எடுக்கணும் என்றெல்லாம் அதில் பரிந்துரை இருக்கிறது. கயிறு என்ற சொல் எந்த வடிகட்டியின் பட்டியலிலாவது இருக்குமா? இருக்காது. ஆண்ட பரம்பரை என்று அடித்துப் பாருங்கள், மீசையும் அரிவாளுமாகப் பாட்டு பாட்டாக வந்து கொட்டும். பேத்தியை விட்டே அடித்துப் பார்க்கச் சொன்னேன். அதே பெட்டியில் வந்தது. திரை சிவக்கவில்லை. காயம் பட்டவன் காயத்தின் பேரைச் சொன்னால் தடை, காயப்படுத்துகிறவன் பெருமை பேசினால் அனுமதி என்றால் அந்த வடிகட்டிக்கும் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் என்னய்யா வித்தியாசம்?

இது பள்ளிக்கூடத்தோடு முடிகிற சமாச்சாரமில்லை. நம்மைப் பற்றி நாமே சொல்வதை இன்னொருத்தன் வடிகட்டி அனுப்புவது பழைய வழக்கம். 1936இல் லாகூர் ஜாத் பாத் தோடக் மண்டல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. எழுதி வந்த உரையைப் படித்துப் பார்த்துவிட்டுச் சில பகுதிகளை எடுக்கச் சொன்னது. சாதி ஒழிப்புக்காகவே நடந்த சங்கம் அது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று அவர் மறுத்தார். மாநாட்டையே ரத்து செய்தார்கள். அவர் சொந்தக் காசில் 1,500 பிரதி அச்சடித்தார். பெரியாரின் 'குடி அரசு' அதைத் தமிழில் தந்தது. 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் இங்கிலீசுப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் நீக்கியது. நம் பொம்பளைகள் எழுதியது எந்த வகையில் மாணவர்களுக்கு ஆகாது? அங்கே வடிகட்டி மனுசக் கமிட்டி, இங்கே மிஷின். வெளியே நிற்க வைக்கப்படுவது மட்டும் அதே ஆட்கள்.

இப்போது அரசாங்கத்துக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 69ஏ என்று ஒரு பிரிவு. எந்தத் தளத்தையும் தடுக்க ஒன்றிய அரசுக்கு அதில் அதிகாரம். 2009இல் போட்ட விதிகளில் 16ஆவது விதி, புகாரையும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் கண்டிப்பாக ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 2015 மார்ச் 24இல் உச்சநீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்தபோது எல்லோரும் கொண்டாடினோம். அதே தீர்ப்பில் 69ஏ செல்லும் என்று சொன்னதை நம்மில் பலர் கவனிக்கவில்லை.

நடந்ததைப் பாருங்கள். 1987இல் 'ஆனந்த விகடன்' அட்டையில் வந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. நாடே பார்த்தது, நாடே கத்தியது, சில நாளில் விட்டார்கள். 2025 பிப்ரவரியில் அதே விகடனின் இணைய இதழில் பிரதமரை விலங்கோடு வரைந்த கேலிச்சித்திரம் வந்தது. அமெரிக்கா நம் ஆட்களுக்கு விலங்கு போட்டுத் திருப்பி அனுப்பியதற்கு அவர் வாய் திறக்கவில்லை என்ற கிண்டல். பிப்ரவரி 15ஆம் தேதி சாயங்காலம் தளமே திறக்கவில்லை. நோட்டீஸ் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு படத்துக்காக ஏன் மொத்தத் தளமும் மூட வேண்டும்? பெரும்பாலான தளங்கள் இப்போது வழியில் யாரும் படிக்க முடியாதபடி சங்கேதத்தில் போய் வருகின்றன. இணைப்பு தருகிற கம்பெனிக்குத் தளத்தின் பேர்தான் தெரியும், எந்தப் பக்கம் என்று தெரியாது. தடு என்றால் அது முழுசாகத்தான் மூடும். ஒரு வீட்டில் ஒரு ஆள்மேல் புகார் என்றால் தெருவையே சீல் வைப்பது போல. மார்ச் 6ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுங்கள், தளத்தைத் திறந்துவிடுங்கள் என்று இடைக்கால உத்தரவு போட்டது.

விகடனுக்கு வக்கீல் உண்டு, நூறு வருசப் பேர் உண்டு. குரல் கொடுக்கத் தலைவர்கள் உண்டு. குரல் கொடுத்தது சரிதான், நானும் கொடுத்தேன். ஆனால் 2018 ஏப்ரல் 2ஆம் தேதியை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை உச்சநீதிமன்றத் தீர்ப்பு நீர்த்துப்போகச் செய்தது என்று நாடு முழுக்கத் தலித்துகள் தெருவுக்கு வந்த நாள். பஞ்சாபில் செல்போன் இணையத்தை நிறுத்தினார்கள். மத்தியப் பிரதேசத்தில் குவாலியர் பக்கம் நிறுத்தினார்கள். நம் ஆட்கள் சுடப்பட்டுச் செத்த நாளில், செத்த செய்தியை அனுப்பக்கூட வழியில்லை. அடுத்த மாதமே நம் தூத்துக்குடி. மே 22இல் துப்பாக்கிச்சூடு, 13 உயிர். மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் இணையம் நிறுத்தம். வதந்தியைத் தடுக்கவாம். சுட்டவனிடம் வயர்லெஸ் இருந்தது. பிணத்தைத் தேடி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவனிடம் இருந்தது ஒரு செல்போன்தான். அதைத்தான் ஊமையாக்கினார்கள்.

எங்கள் பொன்மலைக்குத் துப்பாக்கிச்சூடு தெரியும். 1946 செப்டம்பர் 5ஆம் தேதி சங்கத் திடலில் ஐந்து தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் செய்தி ஷெட்டு ஷெட்டாக, லைன் வீடு லைன் வீடாக வாய்வழியே போனதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வாயைப் பூட்ட அன்றைக்கு வெள்ளைக்காரனிடம் சுவிட்ச் இல்லை.

ஒர்க்‌ஷாப்பில் கற்றுக்கொண்ட ஒரு விசயத்தைச் சொல்கிறேன். ரயில்வேயில் ஒரு கலாசிக்குத் தண்டனை கொடுக்கணும் என்றால்கூட 1968ஆம் வருசத்து ஒழுங்கு, மேல்முறையீட்டு விதிகள் இருக்கின்றன. சார்ஜ் ஷீட் எழுத்தில் கொடுக்கணும். பதில் சொல்ல நாள் கொடுக்கணும். பெரிய தண்டனை என்றால் விசாரணை வைக்கணும், அதில் கூட வந்து பேச ஒரு ஆளை அனுமதிக்கணும், அப்புறம் அப்பீல். இதெல்லாம் யாரும் தானமாகத் தரவில்லை, சங்கம் போராடிப் போராடிப் பிடித்து வைத்திருப்பது. கேட்டில் நிற்கிற ஆள் தடுத்தால் அவன் முகம் தெரியும், ஏன்டா தடுத்தே என்று சண்டை போடலாம். உத்தபுரத்துச் சுவர்கூட 1989இல் கண்ணுக்குத் தெரியக் கட்டினார்கள். தெரிந்ததால்தான் 2008இல் ஒரு பக்கம் இடிந்தது. இந்தச் சுவர் கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு சொல்லுக்குச் சார்ஜ் ஷீட் இல்லை. எழுதினவனுக்கு நோட்டீஸ் வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

பிள்ளைகள் ஆபாசப் படம் பார்க்கட்டும் என்று நான் சொல்வதாக யாராவது திரிப்பார்கள். எனக்கும் பேத்தி இருக்கிறாள். அசிங்கத்தை வடிகட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. என்னென்ன வடிகட்டுகிறீர்கள் என்று காட்டுங்கள் என்கிறேன். பள்ளிக்கூடத்தில் தடுக்கிற சொற்களின் பட்டியலைத் தமிழில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உட்கார்ந்து அதைப் படிக்கட்டும், அடிக்கட்டும், திருத்தட்டும். பாடத்துக்காகப் பிள்ளை தேடினால் திறந்துவிட டீச்சருக்கு அதிகாரம் வேண்டும். தேடின பிள்ளையைக் குற்றவாளியாகப் பதிவு செய்வதை நிறுத்துங்கள். அரசாங்கம் 16ஆவது விதியைத் தூக்கிப் போடட்டும். தடை உத்தரவு ஒவ்வொன்றும் காரணத்தோடு வெளியே வரட்டும். இணைய நிறுத்த உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10இல் உச்சநீதிமன்றமே காஷ்மீர் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதை ஒழுங்காகச் செய்தாலே பாதி அக்கிரமம் குறையும்.

தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். "பட்டியல் எங்ககிட்ட இல்லைங்க, மாட்டிக் கொடுத்த கம்பெனிக்காரன்கிட்டதான் இருக்கும்" என்றார். எந்தச் சொல்லைத் தடுக்கிறோம் என்று தடுக்கிறவருக்கே தெரியவில்லை. எழுத்தில் மனு கொடுத்துக் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறேன்.

பேத்தியிடம் அன்றைக்குச் சொல்ல முடியாததை அப்புறம் சொன்னேன். "நம்ம பேரு கெட்ட வார்த்தை இல்லேம்மா. அந்தப் பேரில் ஒருத்தர் ஏழு வருசம் பத்திரிகை நடத்தினார். அதை அவங்க பெட்டி படிக்கல, அவ்வளவுதான்." வீட்டில் இருந்த புத்தகத்தைப் பார்த்து நோட்டில் கையால் எழுதிக்கொண்டு போனாள். தலைப்பைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் ஒரு பெட்டி இருக்கும். உங்கள் பிள்ளையோடு போய் உட்காருங்கள். நம் பேரை, நம் பத்திரிகைகளின் பேரை, நம் சேரிகளின் பேரை, நம் எழுத்தாளர்களின் பேரை அடித்துப் பாருங்கள். எது எது பூட்டிக்கொள்கிறது என்று தேதி போட்டு எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். பட்டியலை அவர்கள் தர மாட்டார்கள். நாமே தயாரிப்போம்.