கணக்கில் குறைந்தால் காலேஜ் கதவு மூடுமா?

"கணக்குல நாப்பது மார்க்குதானுங்க. இவனுக்கெல்லாம் காலேஜ் எதுக்கு? தறியில உட்காரட்டும்!"

சென்னிமலையில் ரிசல்ட் வந்த மறுநாள் தறிக்கூடங்களில் கேட்கும் பேச்சு இது. தறி இல்லாவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனி. தமிழிலும் வரலாற்றிலும் கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட இப்படிப் படிப்பை விடுவது உண்டு.

இது வீண் பயம்!

அரசு கலைக் கல்லூரிகளில் பி.ஏ. இடத்துக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு மார்க்கைப் பார்த்து ரேங்க் போடுவதில்லை. பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. பி.ஏ. தமிழ் என்றால் தமிழ் மார்க். பி.ஏ. ஆங்கிலம் என்றால் ஆங்கில மார்க். வரலாறு, பொருளாதாரம் போன்றவற்றுக்கு, மொழிப் பாடங்கள் போக மீதி நான்கு பாடங்களின் 400 மார்க். வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் எடுத்த மாணவருக்கு அந்த நான்கில் கணிதமே கிடையாதே! பிறகு எதற்கு நடுக்கம்?

ஈரோடு, திருப்பூர், கோவை மூன்று ஊரிலும் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பி.ஏ. முடித்தால் பி.எட்., சட்டம், அரசு வேலை என்று வழி பிரிகிறது. பிளஸ் டூ மார்க்கை வைத்தே ஐந்தாண்டு சட்டப் படிப்பிலும் நேரே சேரலாம்.

ஆனால் இரண்டு விஷயத்தில் உஷார் தேவை.

ஒன்று, தேதி. பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டியே ஆன்லைனில் மனு வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். "பார்த்துக்கலாமுங்க" என்று நாளைத் தள்ளினால் இடம் போய்விடும். சாதிச் சான்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

இரண்டு, பாடம். பி.ஏ. பொருளாதாரத்தில் புள்ளியியல் வரும். பி.காமிலும் கணக்கு எட்டிப் பார்க்கும். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 25 கணக்கு, அறிவுத்திறன் கேள்விகள். எனவே கணக்கை அடியோடு தலைமுழுக வேண்டாம். பத்தாம் வகுப்பு அளவுக்குத் தெரிந்தால் போதும்.

ஒரு பாடத்தை வைத்து ஆளை எடை போடுவது இந்த நாட்டில் புதிதல்ல. கணித மேதை ராமானுஜன் 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களில் தவறினார். உதவித்தொகை போயிற்று, படிப்பும் நின்றது. 1916-ல் கேம்பிரிட்ஜ்தான் அவருக்குப் பட்டம் கொடுத்தது. அன்று மற்ற பாடம் அவரை வெளியே தள்ளியது. இன்று கணக்கின் பெயரால் பிள்ளைகளை வீட்டாரே வெளியே தள்ளலாமா?

பாவுக்கு எத்தனை இழை, ஒரு பெட்ஷீட்டுக்கு எவ்வளவு நூல் என்று மனக்கணக்காகச் சொல்லும் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள். நாற்பது மார்க் அவர்களுடைய தலையெழுத்து அல்ல.

தறி எங்கேயும் போய்விடாது. மனுத் தேதி போய்விடும். பெற்றோர் முதலில் மனுவைப் போடட்டும்!