உறுதி எரிந்தால் உரிமையும் எரியுமா?

போர் ஓய்ந்தால் போதும், ஊரை விட்டு ஓடியவர்கள் தாமாகத் திரும்பி விடுவார்கள் என்று எண்ணுவோர் உண்டு. திரும்புவதற்கு வீடும் நிலமும் வேண்டாமா?

இலங்கையில் போர் 2009-ம் ஆண்டு மே மாதத்தில் முடிந்தது. ஆயினும் 1990-ம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள் தங்கள் காணியைச் சுற்றி இராணுவ வேலியைத்தான் கண்டன. 2013-ம் ஆண்டில் அங்கே 6,381 ஏக்கரை எடுத்துக் கொள்ளப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. மக்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2015-ம் ஆண்டு முதல் நிலம் சிறுகச் சிறுக விடுவிக்கப்பட்டது. முழுவதும் இன்னும் கிடைத்தபாடில்லை.

2025-ம் ஆண்டு மார்ச்சில் மற்றோர் அறிவிப்பு வந்தது. வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால், அது அரசாங்க நிலமாகி விடுமாம்! தமிழ்நாட்டு அகதி முகாமில் இருப்பவர் மூன்று மாதத்தில் எங்ஙனம் வந்து சேருவார்? காணி உறுதி தீயில் போயிற்று; யார் பெயரில் இருந்ததோ அவரும் மாண்டு போனார். நல்ல வேளையாக எதிர்ப்பு எழுந்தது. உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அறிவிப்பும் மீட்டுக் கொள்ளப்பட்டது.

அதே 1990-ம் ஆண்டு அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் விரட்டினார்கள். அவர்கள் வீட்டுக்கும் இதே நியாயந்தான். தமிழர் காணிக்கு ஒரு நீதி, முஸ்லிம் காணிக்கு வேறு நீதி என்பதை நாம் ஏற்கமாட்டோம்.

இது நடவாத காரியமா? போஸ்னியாவில் நடந்ததே! 1995-ம் ஆண்டு சமாதான உடன்படிக்கையிலேயே, அகதிகள் திரும்பவும் சொத்தை மீட்கவும் உரிமை எழுதப்பட்டது. வெளிநாட்டில் இருந்தோரும் மனுச் செய்தார்கள். ஏறத்தாழ 2 லட்சம் வீட்டு மனுக்கள் தீர்க்கப்பட்டன. பிறர் வீட்டில் குடியேறியவர்கள் காலி செய்ய நேர்ந்தது.

"நமக்கென்ன?" என்று பால்மரம் வெட்டும் தோழரும் கிராணியாரும் கேட்கலாம். நாம் குடியிருப்பது தோட்டத்து வீடு. வேலை போனால் அதுவும் போகும். 2009-ம் ஆண்டில் பினாங்கு கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டதை மறந்தோமா? தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோம் என்ற சொல் நிலப் பத்திரத்தின் முன் நிற்கவில்லை. காகிதமில்லாதவன் படும் பாடு நமக்குத் தெரியாததல்ல.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: கடல் கடந்து இருப்போருக்குக் கெடு வைக்கக் கூடாது. உறுதி இல்லையென்றால் வாக்காளர் பட்டியல், பள்ளிப் பதிவேடு, அயலார் சாட்சி ஆகியவற்றை ஏற்க வேண்டும். நிலம் தன்னுடையது என்று அரசாங்கம் சொன்னால், அதனை அரசாங்கமே நிரூபிக்கட்டும். நமது சங்கக் கிளைகள் அடுத்த கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக நிறைவேற்றி, கோலாலம்பூரிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும்.