லிஃப்ட் கிட் வாங்க முதல் எடை பாருங்கள்

சிட்னியின் மேற்குப் பக்கம், பெண்டில் ஹில், வென்ற்வேர்த்வில் தெருக்களில் ஒரு சனிக்கிழமை காலை நடந்து பாருங்கள். எங்கள் பெடியள் இருக்கிற வீட்டு வாசல்களில் ஒரு காலத்தில் நிலத்தோடு உரசுகிற மாதிரித் தாழ்த்திய ஹொண்டா சிவிக் நின்றது. இப்போது அதே வாசல்களில் உயர்த்திய பிராடோ, ஹைலக்ஸ், ரேஞ்சர். தாழ்த்தினாலும் உயர்த்தினாலும் அம்மாவுக்கு ஏறி இறங்கக் கஷ்டம்தான்.

எனக்கு அதில் கோபம் இல்லை. காடு, மலை, கடற்கரை மணல் என்று இந்த நாட்டைச் சுற்றிப் பார்க்க எங்கள் தலைமுறை வெளிக்கிட்டிருப்பது நல்ல விஷயம். ஆனால் சஸ்பென்ஷன் மாற்றுகிற விஷயத்தில் நாங்கள் பிழையான கேள்வியோடு கடைக்குப் போகிறோம் என்பது என் கருத்து. "எத்தனை இஞ்சி உயர்த்தலாம்?" என்று கேட்கிறோம். கடைக்காரரும் அதற்குத்தான் பதில் சொல்வார். "இந்த வாகனம் எவ்வளவு பாரம் சுமக்கப் போகிறது?" என்று கேட்டால்தான் சரியான சாமான் கிடைக்கும்.

முதலில் ஒரு அடிப்படை. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. ஷொக் அப்சோபர் பாரத்தைத் தாங்குவதில்லை. அது ஸ்பிரிங் ஆடுகிற ஆட்டத்தை அடக்குகிறது, அவ்வளவுதான். வாகனம் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்வது ஸ்பிரிங்கும் அதன் மேல் இருக்கிற பாரமும். அதனால் ஒரே ஸ்பிரிங்கை இரண்டு பிராடோக்களில் போட்டால் இரண்டும் இரண்டு உயரத்தில் நிற்கும். ஒன்றில் முன்னால் இரும்பு புல் பாரும் வின்சும் இருக்கும், மற்றதில் ஒன்றும் இருக்காது. பெட்டியில் "50 மில்லிமீற்றர் லிஃப்ட்" என்று எழுதியிருப்பது ஒரு குறிப்பிட்ட பாரத்துக்குச் சொன்ன கணக்கு. உங்கள் வாகனத்தின் பாரம் அதுவல்ல என்றால் அந்த எண்ணும் உங்களுடையதல்ல.

உயர்த்தினால் என்ன கிடைக்கிறது என்பதையும் நேராகப் பேசுவோம். பிராடோ, ஹைலக்ஸ் மாதிரி வாகனங்களில் பின் அக்சில் ஒரே தண்டு. அதன் நடுவில் தொங்குகிற டிஃபரென்ஷல்தான் பெரும்பாலும் கல்லில் முதலில் இடிபடுகிற இடம். ஸ்பிரிங்கை மாற்றி உடலை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த டிஃபரென்ஷல் நிலத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் கூட உயராது. அது சில்லோடு இணைந்தது. அதை உயர்த்துவது ரயர் மட்டும்தான்; ரயரின் விட்டம் 50 மில்லிமீற்றர் கூடினால் அக்சில் 25 மில்லிமீற்றர் உயரும். சஸ்பென்ஷன் உயர்த்தலால் கிடைப்பது வேறு: முன் பம்பர் மேட்டில் முட்டாமல் ஏறுகிற கோணம், பின்பக்கம் இறங்குகிற கோணம், நடு வயிறு திட்டில் தட்டாத இடைவெளி, பெரிய ரயருக்குக் கொஞ்சம் இடம். இவை பயனுள்ளவைதான். ஆனால் விலை இல்லாமல் கிடைப்பதில்லை. வாகனத்தின் பாரம் மேலே போனால் வளைவில் சாய்வும் கூடும், கவிழ்கிற ஆபத்தும் கூடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு வாகனத்துக்கும் ஜி.வி.எம். என்று ஒரு எல்லை உண்டு. வாகனமும் ஆட்களும் சாமானும் சேர்த்துச் சட்டப்படி இருக்கக்கூடிய மொத்த எடை அது. 150 தொடர் டீசல் பிராடோவுக்கு அது 2,990 கிலோ. ஆள் இல்லாமல், டாங்க் நிரப்பி நிற்கும்போது அந்த வாகனமே சுமார் 2,300 கிலோவுக்கு மேல் வரும். மிச்சம் 650 கிலோ அளவில் என்று வையுங்கள். ஐந்து பெரியவர்கள், ஆளுக்கு 75 கிலோ: 375. இரும்பு புல் பார் 60. வின்ச் 30. கூரைத் தட்டும் பக்கக் கூடாரமும் 50. பின்னால் இழுப்பறையும் குளிர்ப்பெட்டியும் 100. அறுபது லீற்றர் தண்ணீர் 60. கூட்டிப் பாருங்கள், 675. இன்னும் ஒரு பை அரிசி ஏறவில்லை, அம்மா கட்டித் தந்த சாப்பாடு ஏறவில்லை. நீங்கள் ஏற்கெனவே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். டிரெய்லரோ கரவனோ இழுத்தால் கொக்கியில் அழுத்துகிற பாரமும் இதே கணக்குக்குள்தான் வரும்.

இந்த இடத்தில்தான் பெரிய தவறான நம்பிக்கை ஒன்று உலவுகிறது. "கனமான ஸ்பிரிங் போட்டாச்சு, இனி எவ்வளவும் ஏத்தலாம்." இல்லை. ஸ்பிரிங் பின்பக்கம் குந்துவதை நிறுத்தும். சட்டப்படியான எல்லையை அது ஒரு கிலோ கூட உயர்த்தாது. பிறேக், அக்சில், சேஸி எல்லாம் பழையபடிதான் இருக்கின்றன. எல்லையை உயர்த்த வேண்டுமென்றால் அதற்கென்று சான்றளிக்கப்பட்ட தனி கிட் உண்டு, சான்றிதழும் வேண்டும். விலையும் அதற்கேற்றபடி. வாகனம் குந்தாமல் நேராக நிற்பதால், கூடுதல் பாரம் ஏற்றியிருப்பது கண்ணுக்கும் தெரியாது. அதுதான் இதில் எனக்குப் பயம்.

ஆகவே இரண்டாயிரம், மூவாயிரம் டொலர் செலவழிக்க முதல், ஒரு பொது எடைப்பாலத்துக்குப் போங்கள். பழைய இரும்புக் கடைகளிலும், மண் கல் விற்கிற இடங்களிலும், குப்பை கொட்டுகிற இடங்களிலும் இருக்கும். ஒருமுறை வெறும் வாகனமாக. இன்னொரு முறை, நீண்ட வார விடுமுறைக்கு வெளிக்கிடும்போது, ஆட்களோடும் சாமானோடும். முன் அக்சில், பின் அக்சில் இரண்டையும் தனித்தனியாக நிறுத்துக் கேளுங்கள். இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பேச்சே மாறிவிடும். நல்ல கடைக்காரர் உங்களிடம் இவற்றைக் கேட்பார். கேட்காமல் நேரே நிறம் என்ன வேண்டும் என்று தொடங்குபவரிடம் "நன்றி அண்ணா" என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

ஸ்பிரிங் பட்டியலைப் பார்த்தால், ஒவ்வொரு வாகனத்துக்கும் பல படிகள் இருக்கும்: கூடுதல் பாரம் இல்லாதது, எப்போதும் 200 கிலோ சுமப்பது, 400 கிலோ சுமப்பது என்ற மாதிரி. இதில் முக்கியமான சொல் "எப்போதும்". வருடத்தில் இரண்டு கிழமை ஏற்றுகிற பாரத்துக்கு ஸ்பிரிங் எடுத்தால், மிச்ச ஐம்பது கிழமையும் அந்த வாகனம் கட்டை வண்டி மாதிரி ஓடும். எங்கள் வீடுகளில் அந்த ஐம்பது கிழமையும் வாகனம் எங்கே போகிறது? வேலைக்கு, தமிழ்ப் பள்ளிக்கு, ஹெலன்ஸ்பேர்க் கோயிலுக்கு, யாராவது வீட்டுப் பிறந்தநாளுக்கு. மூன்றாவது வரிசையில் அம்மம்மா இருப்பார். அந்த வரிசை அநேகமாகப் பின் அக்சிலுக்கு நேர் மேலே. 400 கிலோ ஸ்பிரிங் போட்ட வெறும் வாகனத்தில் ஒவ்வொரு வேகத்தடையும் அவர் முதுகெலும்பில்தான் இறங்கும். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. வாகனத்தில் ஏறுபவர் யார் என்பதும் பாரக் கணக்கில் ஒரு பகுதி.

இடைக்கிடை மட்டும் பாரம் ஏற்றுபவர்களுக்குப் பின் கொயில் ஸ்பிரிங்குக்குள் வைக்கிற காற்றுப் பை ஒன்று உண்டு. பாரம் ஏற்றும்போது காற்றடித்து, இறக்கியதும் காற்றைக் குறைக்கலாம். நடுத்தர ஸ்பிரிங்கோடு இதைச் சேர்ப்பது என் விருப்பம். ஆனால் இலை ஸ்பிரிங் உள்ள இரட்டைக் கதவு ஹைலக்ஸ் மாதிரி வாகனங்களில் சேஸிக்கும் அக்சிலுக்கும் நடுவே காற்றுப் பை வைத்து, பின்னால் அளவுக்கு மீறி ஏற்றி, சேஸி வளைந்த கதைகள் இந்த நாட்டு நீள் பாதைகளில் நிறைய உண்டு. பாரம் ஒரே புள்ளியில் அழுத்துவதுதான் காரணம்.

ஷொக் விஷயத்தில் நான் கஞ்சத்தனத்துக்கு எதிரி. ஊட்னடட்டா, பேர்ட்ஸ்வில் மாதிரி மண் பாதைகளில் தகரக் கூரை போல வரி வரியாக நெளிவு இருக்கும். அதில் மணிக்கணக்காக ஓடும்போது ஷொக் அந்த ஆட்டத்தையெல்லாம் சூடாக மாற்றிக்கொண்டே இருக்கும். எண்ணெய் சூடாகி இளகி, அதற்குள் காற்றுக் குமிழ் கலந்தால், ஷொக் பேருக்குத்தான் இருக்கும். வாகனம் வளைவில் மிதக்கும். இரட்டைக் குழாய் வகை கல்லடியைத் தாங்கும், விலையும் குறைவு. ஒற்றைக் குழாய் வகை சூட்டை நேரே வெளியே விடும், ஆனால் வெளிச்சுவரில் கல் அடித்து நசுங்கினால் உள்ளே பிஸ்டன் இறுகிவிடும். இரட்டைக் குழாயிலேயே வாயுவுக்குப் பதிலாக நுரை வைத்துக் குமிழைத் தடுக்கிற வகையும் உண்டு. பிராடோவில் குடும்பத்தோடு போகிறவருக்கு இந்த நுரை வகை போதும் என்பேன். தனி எண்ணெய்க் குடுவை தொங்குகிற விலை கூடியவை பார்க்க அழகு. அந்த அழகுக்குத்தான் பலர் காசு கொடுக்கிறார்கள். மண் பாதையில் இறங்க முதல் ரயர் காற்றைக் குறைப்பது இலவசம். அதுவும் ஷொக்கின் உயிரைக் காக்கும்.

மலிவு வழி ஒன்று பற்றியும் சொல்ல வேண்டும். முன் ஸ்ட்ரட்டின் தலையில் ஒரு அலுமினியக் கட்டை வைத்து உயர்த்துவது. ஸ்பிரிங்கும் பழசு, ஷொக்கும் பழசு. வாகனம் உயர்ந்து நிற்கும், ஓடுகிற விதம் ஒன்றும் முன்னேறாது. மாறாக, சில்லு முழுதாகக் கீழே தொங்கும்போது சி.வி. ஜொயின்ற்றும் போல் ஜொயின்ற்றும் கம்பனி நினைத்த கோணத்தையும் தாண்டிப் போகும். படம் எடுக்க மட்டும் உயர்த்துகிறவர்களுக்கு இது போதும்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஒரு உயரம் வரை சான்றிதழ் தேவையில்லை. அதற்கு மேல் பொறியியலாளர் சான்றிதழ் வேண்டும். ரயரால் வந்த உயரமும் கூட்டப்படும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் மாநிலப் போக்குவரத்துத் துறையின் தாளை நீங்களே வாசியுங்கள், நண்பன் சொன்னதை நம்ப வேண்டாம். காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். சொல்லாமல் மாற்றியிருந்தால், விபத்துக்குப் பிறகு அவர்கள் பணம் தர மறுக்கலாம். அப்போது கடன் உங்கள் பெயரில் மட்டும் இருக்காது. பல வீடுகளில் வாகனக் கடனுக்குக் கையெழுத்து வைத்தது அப்பா.

அப்பா என்றதும் நினைவு வருகிறது. "பழுதாகாததை ஏன் கழட்டுறாய்?" என்று கேட்கிற அப்பாமாரைப் பழைய ஆட்கள் என்று ஒதுக்க வேண்டாம். 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த தலைமுறை அது. புதிய சாமான் கிடைக்காத இடத்தில் வாகனத்தைக் கொன்றுவிடாமல் வைத்திருப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். சஸ்பென்ஷன் மாற்றுகிற நாளில் அப்படி ஒருவர் பக்கத்தில் நின்றால் நல்லது. ஜக்கை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே படுக்க விடமாட்டார்.

நீங்களே பூட்டலாமா? பின்பக்கம், ஆம். கொயில், ஷொக் இரண்டும் ஒரு பகலில் முடிகிற வேலை. முன்பக்க ஸ்ட்ரட்டுக்கு ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி தேவை. அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும் விசை அதில் இருக்கிறது. அந்தப் பகுதியைக் கடையிலேயே பூட்டி வாங்குங்கள், முழு ஸ்ட்ரட்டாகக் கொண்டுவந்து மாட்டலாம்.

வேலை தொடங்க முதல் நாலு சில்லிலும், சில்லின் நடுவிலிருந்து மேல் விளிம்பு வரை அளந்து எழுதி வையுங்கள். சில டொயோட்டாக்கள் புதிதாகவே ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்கும். அந்தப் பக்கத்துக்கு மெல்லிய வளையம் ஒன்று வைத்துச் சமப்படுத்துவார்கள். முன்பே அளக்காவிட்டால், சாய்வு பழசா புதுசா என்று தெரியாது.

கராஜ்களிலும் அடிக்கடி தவறவிடுகிற ஒரு படி இருக்கிறது. சஸ்பென்ஷன் கைகளின் முனையில் ரப்பர் புஷ் இருக்கும். போல்ட்டை இறுக்கியதும் அதன் உள் இரும்புக் குழாய் அசையாது. கை ஆடும்போது ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். வாகனம் ஜக்கில் தொங்கும்போது இறுக்கினால், தொங்குகிற நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலை ஆகிவிடும். கீழே இறக்கியதும் அது எந்நேரமும் முறுகியபடி இருந்து, சீக்கிரம் கிழியும். ஆகவே போல்ட்டுகளை மட்டாக மாட்டி, வாகனத்தைச் சில்லில் இறக்கி, ஒருமுறை ஆட்டிவிட்டு, பிறகுதான் கையேட்டில் உள்ள இறுக்க அளவுக்கு இறுக்க வேண்டும். வேறு ஆள் செய்கிறார் என்றால் இதை எப்படிச் செய்வீர்கள் என்று கேளுங்கள். பதிலிலேயே ஆளைத் தெரிந்துவிடும்.

மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். பிறேக் குழாயும் ஏ.பி.எஸ். வயரும் சில்லு முழுதாகத் தொங்கும்போது இழுபடுகிறதா என்று பாருங்கள். பழைய ஹைலக்ஸ் போன்றவற்றில் பின் பிறேக்குக்குப் பாரம் அறிந்து அழுத்தம் தரும் வால்வு ஒன்று இருக்கும். உயர்த்தியதும் அது வாகனம் காலி என்று நினைத்துப் பின் பிறேக்கைக் குறைக்கும், அதைச் சரிசெய்ய வேண்டும். சில்லு அலைன்மென்ற் கட்டாயம். கோணங்கள் சரிவராவிட்டால் மேல் கையையும் மாற்ற வேண்டி வரும், அதற்கும் காசு ஒதுக்கி வையுங்கள். பின்பக்கக் குறுக்குத் தண்டு காரணமாக அக்சில் ஒரு பக்கம் சற்று நகர்ந்திருக்கும். நீளம் மாற்றக்கூடிய தண்டு போட்டால் நடுவுக்கு வரும். ஹெட்லைட்டைத் தாழ்த்தாவிட்டால் எதிரே வருபவர் உங்களைத் திட்டுவார். கமரா, ரேடார் உள்ள புது வாகனம் என்றால் அவற்றையும் மீண்டும் சரிபார்க்க வேண்டி வரலாம்.

500 கிலோமீற்றர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் திரும்ப இறுக்கிப் பாருங்கள். அப்படியே நாலு சில்லையும் மறுபடி அளவுங்கள். ஸ்பிரிங் சில மில்லிமீற்றர் இறங்கியிருக்கும், அது வழமைதான். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் அடுத்த நாளே கடைக்குக் கொண்டு போங்கள், முதல் அளவு எழுதிய தாளோடு.