கரண்ட் கால் மணி நேரம், மீதி நாள்?

அரசு மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவு வாசலில் காத்திருப்பவர்கள் யாரும் 'ரேடியோதெரபி' என்று சொல்வதில்லை. "கரண்ட் வைக்க வந்திருக்கோம்" என்பார்கள். ஷாக் அடிக்குமோ என்ற பயமும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. உண்மையில் எக்ஸ்ரே எடுப்பதைப் போலத்தான். கதிர் பாயும்போது வலி தெரியாது. படுத்து, எந்திரத்தைச் சரியாகப் பொருத்தி, எழுந்து வரப் பெரும்பாலும் கால் மணி நேரம் போதும்.

சிக்கல் மீதி நாளில்தான்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். புண் ஆறியதும் கதிர்வீச்சு தொடங்கும். சனி, ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும். ஐந்து வாரங்களில் 25 முறை, மொத்தம் 50 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) என்பது நெடுநாள் வழக்கம். ஒவ்வொரு முறையும் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வேண்டும். தோள் இறுகியிருந்தால் அதுவே பெரும்பாடு. சுவரில் விரல்களை மெல்ல மேலேற்றும் பயிற்சியை வீட்டில் விடாமல் செய்யச் சொல்வது அதனால்தான்.

இரண்டு மூன்று வாரங்களில் அந்த இடத்துத் தோல் சிவக்கும், கறுக்கும், அரிக்கும். உடனே மஞ்சள் பூசு, சந்தனம் தடவு என்று யோசனைகள் குவியும். மருத்துவர் சொல்லாத எதையும் பூசக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தளர்வான பருத்தி ரவிக்கை போட்டால் போதும். அடையாளத்துக்கு மையால் கோடு போட்டிருந்தால் அதை அழித்துவிடக் கூடாது.

கண்ணுக்குத் தெரியாத தொல்லை அசதி. தூங்கி எழுந்தாலும் தீராது. நாளாக ஆகக் கூடும், சிகிச்சை முடிந்தும் சில வாரம் நீடிக்கும். "சும்மா படுத்துட்டுதானே வர்றே" என்று கேட்கும் வீடுகளில், இட்லிக்கு மாவாட்டுவதும் குடத்தில் தண்ணீர் சுமப்பதும் அவள் தலையிலேயே விழுகின்றன. இன்னொரு பக்கம், கதிர் ஒட்டிக்கொள்ளுமோ என்று பேரப்பிள்ளையை அண்டவிடாத வீடுகளும் உண்டு. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

வீட்டார் மாறினால் மட்டும் போதாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்கிறது. தினசரி பஸ் கட்டணத்தையும் இழந்த கூலியையும் யார் தருவது? இஎஸ்ஐ உள்ள தொழிலாளிக்கு, நிபந்தனைகள் பொருந்தினால், புற்றுநோய்க்காகச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை நீட்டித்த நோய்க்கால உதவி கிடைக்கும். களையெடுக்கப் போகிறவளுக்கும் வீட்டு வேலை செய்கிறவளுக்கும் அது இல்லை. அவர்கள்தான் 'நாளைக்குப் போய்க்கலாம்' என்று ஒரு நாளைத் தள்ளுகிறார்கள். இடையில் விடும் நாட்கள் சிகிச்சையின் பலனைக் குறைக்கும்.

நாட்களைக் குறைக்க வழி இருக்கிறது. பிரிட்டனில் நடந்த ஸ்டார்ட் ஆய்வுகளுக்குப் பிறகு 15 முறையில், மூன்றே வாரத்தில் 40 கிரே கொடுக்கும் முறை பரவலானது. ஒரே வாரத்தில் ஐந்து முறையாக 26 கிரே கொடுத்தாலும், மார்பில் நோய் திரும்பாமல் தடுப்பதில் மூன்று வார முறைக்குக் குறைவில்லை என்று ஃபாஸ்ட் ஃபார்வர்ட் ஆய்வு 2020இல் காட்டியது. நாட்களைக் குறைப்பது எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்துகிறவர்களுக்கு, 25 முறை 15 ஆகிப் பத்து நாள் குறைந்தால் பத்து நாள் கூலி மிச்சம்.

கதிர்வீச்சு எந்திரம் வாங்க அரசு கோடிக்கணக்கில் செலவழிக்கிறது. அதே வளாகத்தில் வெளியூர் நோயாளியும் துணைக்கு வருபவரும் தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் தர வேண்டும். உள்ளூரிலிருந்து வந்துபோகிறவர்களுக்கு சிகிச்சை முடியும் வரை பஸ் பாஸ் தரலாம். நோயாளியும் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்: "டாக்டர், எனக்கு மூணு வாரத்துல முடிக்க முடியுமா?"