ஃப்ரீலான்ஸ் வேலையும் மணிக்கணக்கும்

ஒரு கொத்தனாரிடம் உங்கள் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவார். சித்தாளின் கூலி எவ்வளவு என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்ப்போ, டிடிபியோ, வெப் டிசைனோ செய்துகொடுக்கும் பட்டதாரி ஒருவரிடம், ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "அது வேலையைப் பொறுத்தது" என்பார். போன மாதம் மொத்தம் எத்தனை மணி நேரம் உழைத்தீர்கள் என்று கேட்டால் அந்தப் பதிலும் வராது.

காரணம் எளிமையானது. அவருக்குப் பணம் சொல்லுக்கு இவ்வளவு, பக்கத்துக்கு இவ்வளவு, முழு வேலைக்கு இவ்வளவு என்று வருகிறது. நேரத்துக்கும் பணத்துக்கும் உள்ள தொடர்பு அங்கேயே அறுந்துவிடுகிறது.

உழைக்கும் நேரத்தை எண்ண வேண்டும் என்பது தொழிலாளர்கள் போராடிப் பெற்ற உரிமை. எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையில் பிறந்ததுதான் மே தினம். இந்தியாவில் அதை முதன்முதலாக 1923 மே 1 அன்று சென்னையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். பின்னால் வந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை வகுத்தது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்றது. ஃப்ரீலான்ஸ் வேலையில் இருப்பவருக்கு இப்படி எந்த எல்லையும் கிடையாது. அவரே முதலாளி, அவரே தொழிலாளி. அந்த முதலாளி கணக்கு வைக்காவிட்டால் ஏமாறுவது அந்தத் தொழிலாளிதான்!

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒருவர் 10,000 சொற்களை சொல்லுக்கு ஒரு ரூபாய் வீதம் மொழிபெயர்க்க ஒப்புக்கொள்கிறார். 30 மணி நேரத்தில் முடித்துவிடலாம், மணிக்கு 333 ரூபாய் என்று மனக்கணக்குப் போடுகிறார். உண்மையில் நடப்பது என்ன? மொழிபெயர்க்க 32 மணி நேரம். திரும்பப் படித்துத் திருத்த 6. வாடிக்கையாளர் இரண்டு முறை மாற்றம் கேட்டதில் 8. ஃபோன், மின்னஞ்சல், பில் போடுவது, பணத்துக்கு நினைவூட்டுவது எல்லாம் சேர்த்து 4. ஆக மொத்தம் 50 மணி நேரம். இணையம், மின்சாரம், கணினித் தேய்மானம் என்று 1,000 ரூபாய் போனால் மிஞ்சுவது 9,000. அதாவது மணிக்கு 180 ரூபாய். நினைத்ததில் ஏறக்குறைய பாதி!

அதே மாதத்தில் அவர் ஒரு சிறு புத்தகத்துக்குப் பிழை திருத்தி 3,000 ரூபாய் வாங்கியிருக்கலாம். அதற்கு எல்லாம் சேர்த்து 8 மணி நேரம்தான் ஆனது என்றால், மணிக்கு 375 ரூபாய். கணக்கு எழுதாதவர் கண்ணுக்கு 10,000 ரூபாய் வேலைதான் பெரிதாகத் தெரியும். அடுத்த முறையும் அதற்காகவே அலைவார்.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்று ஒரு பழமொழி உண்டு. கணக்குப் பார்த்தால் மனம் நோகும், அதனால் பார்க்காதே என்பதற்காகவே பலரும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் உழவனால் பயிரைப் பாதியில் விட முடியாது. ஃப்ரீலான்ஸ் வேலையில் இருப்பவர் அடுத்த வேலையின் விலையை மாற்றலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். அவர் எதற்காகக் கணக்குக்குப் பயப்பட வேண்டும்?

படைப்பு வேலையைக் கடிகாரம் வைத்து அளக்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். அப்வொர்க் போன்ற தளங்களில் மணிக்கூலி வேலைக்கு ஒரு மென்பொருள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் படம் பிடித்து வாடிக்கையாளருக்குக் காட்டுகிறது. அந்தக் கண்காணிப்பு யாருக்கும் பிடிக்காதுதான். ஆனால் அது வாடிக்கையாளருக்கான கணக்கு. தனக்காகத் தானே எழுதும் நோட்டை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. கவிதைக்கு விலை போடச் சொல்லவில்லை, உழைப்பு எங்கே போகிறது என்று பார்க்கத்தான் சொல்கிறது.

வருமான வரிக்குத்தான் கணக்கு என்று நினைப்பவர்களும் உண்டு. வாடிக்கையாளர் பிடித்துக்கொண்ட டிடிஎஸ் தொகையை எழுதி வைப்பது அவசியம்தான். ஆனால் வரித் துறை கேட்பது ரூபாயை மட்டும். எத்தனை இரவு கண்விழித்தீர்கள் என்று அது கேட்பதில்லை. அதை அவரவர்தான் எழுத வேண்டும்.

தேதியும் முக்கியம். வேலையை ஒப்படைத்த நாள், பில் அனுப்பிய நாள், பணம் வந்த நாள் மூன்றையும் எழுதினால், இழுத்தடிப்பவர் யார் என்று ஆறே மாதத்தில் தெரிந்துவிடும். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டவருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டியும் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சட்டம். ஆனால் தேதியும் பில்லும் கையில் இல்லாதவர் எதை வைத்து முறையிடுவார்?

இது தனி ஒருவரின் லாப நஷ்டம் மட்டுமல்ல. கல்லூரி முடித்து புதிதாக வருபவர்கள் நேரத்தை எண்ணாமல் குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்கிறார்கள். அந்த விலையே பிறகு சந்தை விலை ஆகிவிடுகிறது. குடும்பத்தை நம்பிக்கொண்டு பகுதி நேரமாகச் செய்பவருக்கு அது கட்டுப்படியாகலாம். இதே தொழிலில் வீட்டு வாடகை கட்டுபவருக்குக் கட்டுப்படியாகுமா?

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டோ, எக்செல் தாளோ போதும். தேதி, வேலை, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் என்று ஒரு பக்கம். பில் தொகை, வந்த தொகை, செலவு என்று எதிர்ப்பக்கம். பணம் வராத வேலைகளையும் மறக்காமல் எழுத வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சிய பணத்தை மொத்த மணி நேரத்தால் வகுத்தால் போதும்.

வரும் எண் சிறியதாக இருக்கலாம், வருத்தமாகவும் இருக்கலாம். ஆனால் தன் உழைப்பின் விலை தெரியாதவருக்கு அடுத்தவர் வைப்பதுதான் விலை. அது தெரிந்தவர்தான் "இந்த வேலைக்கு 50 மணி நேரம் ஆகும், இந்தத் தொகை கட்டாது" என்று தைரியமாகப் பேச முடியும்.