போகாதே என்றால் பேய் வரும்

பேய்ப் படம் பிடிக்கும் என்று சொல்கிற பெண்ணுக்கு இரண்டு பக்கமும் அடி விழும். வீட்டில், "ராத்திரில அதப் பாத்துப் பயந்து காய்ச்சல் வந்தா யாரு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறது?" என்பார்கள். வாசிப்பு வட்டத்தில், "நீங்களா தோழர்? பொண்ணப் பேயாக்கி விரட்டுற படமாச்சே அதெல்லாம்" என்பார்கள். முதலாவதைத் திண்டிவனத்தில் பத்து வயதிலிருந்து கேட்டேன். இரண்டாவதை விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போன பிறகு கேட்டேன். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். சமாதானம் சொல்ல அல்ல.

சண்டைப் படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி போகிற ஆணிடம், அந்தப் படத்தில் பெண்கள் எப்படி வருகிறார்கள் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? அவன் ரசிகன். மன்றம் வைப்பான், பேனர் கட்டுவான், கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவான். ரசிகை என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது; ஆனால் ரசிகைகள் கட்டிய பேனரை எந்த ஊர் முச்சந்தியிலும் நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த ரசிகை போர்வைக்குள் இருக்கிறாள். கையில் செல்போன், ஒரு காதில் மட்டும் இயர்போன். இன்னொரு காது யாராவது எழுந்து வருகிறார்களா என்று கேட்பதற்கு. பேய்ப் படத்தின் பயத்தைவிட அந்த இரண்டாவது காதின் பயம்தான் பெரிது. அதைப் பற்றி எந்தப் பெரியவரும் கவலைப்பட்டதில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். 2005இல் வந்த 'சந்திரமுகி'யை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. தோழர்கள் சொல்வது தெரியும். பெண்ணின் மனநோயைக் காட்சிப்பொருளாக்கிய படம், டாக்டரும் கணவரும் சாமியாரும் சேர்ந்து அவளைச் சரிசெய்கிற படம். எல்லாம் சரி. ஆனால் அந்தக் கட்டில் காட்சியை மறுபடி பாருங்கள். கங்கா கடைக்குப் போகக் கிளம்புகிறாள். போக வேண்டாம் என்கிறான் கணவன். அவ்வளவுதான். வீட்டில் அடங்கி ஒடுங்கி இருந்தவள் கட்டிலைத் தூக்குகிறாள், கண் உருள்கிறது, குரல் மாறுகிறது. கவனிக்க வேண்டியது இதுதான்: அப்படி மறுக்கச் சொல்லிக் கணவனிடம் முன்பே சொல்லிவைத்தவர் டாக்டர். எந்தச் சொல்லைச் சொன்னால் அவளுக்குள்ளிருந்து பேய் வெளியே வரும் என்று அவருக்குத் தெரியும். பூசணிக்காயும் வேண்டாம், எலுமிச்சையும் வேண்டாம். 'போகாதே' போதும். இதன் மூலமான மலையாள 'மணிச்சித்ரதாழு'வும் (1993) இதே காட்சியின் மீதுதான் நிற்கிறது. அதில் நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

இந்த உண்மையை நம் குடும்பப் படங்களில் ஒன்றாவது இவ்வளவு பச்சையாகச் சொல்லியிருக்கிறதா? அவற்றில் கங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போயிருப்பாள்.

2009இல் வந்த 'ஈரம்' இன்னும் தெளிவு. மனைவியைச் சந்தேகப்பட்டுக் கொல்கிறான் கணவன். செத்தவள் தண்ணீராக வருகிறாள். அவனிடம் மட்டுமா வருகிறாள்? அந்த அடுக்குமாடியில் அவள் நடத்தையைப் பற்றி வாய் கூசாமல் பேசிய அக்கம்பக்கத்தாரையும் தேடி வருகிறாள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பையனோடு பேசினேன் என்று ஒரு தெருவே என் வீட்டுக்குச் சேதி கொண்டுபோன வாரத்தில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். யாரையும் கொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சுவரில் ஈரம் பரவும்போதெல்லாம் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நான் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பேய் பிடித்த பெண் எங்களுக்குச் சினிமாவில் மட்டும் கிடைத்தவள் அல்ல. அமாவாசை இரவுகளில் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கமிருந்து பேருந்துகள் நிரம்பிப் போகும். நள்ளிரவில் பெண்கள் தலைமுடியை அவிழ்த்து ஆடுவார்கள். மற்ற நாளில் ஏழு மணிக்கு மேல் வாசல் தாண்டக் கூடாதவர்கள்.

விழுப்புரமும் திண்டிவனமும் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. அந்தப் பகுதியில் தங்கிப் பேயோட்டுதலை ஆய்ந்த மானுடவியலாளர் இசபெல் நபகோவ், 2000இல் அதை நூலாக வெளியிட்டார். அதில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. சினிமாவில் பேய் பெண். அந்தச் சடங்குகளிலோ பேய் அனேகமாக ஓர் ஆண்; அகாலத்தில் செத்த இளைஞன். அவன் பிடிப்பது பெரும்பாலும் கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன பெண்களை, அதுவும் தனியாக வெளியே நடக்கும்போது. பம்பை அடித்து அவனைப் பேசவைப்பார்கள். பிறகு அவள் முடியில் ஒரு கற்றையை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடிப்பார்கள். பேய் போய்விடும், மனைவி கணவனிடம் திரும்புவாள். புருஷன் வீடு பிடிக்கவில்லை என்று அவள் சொன்னால் அது அவள் பேச்சாகாது. அவளுக்குள் எவனோ இருந்து பேசுகிறான்!

இதைப் படித்த பிறகு சினிமாப் பேய் மீது எனக்கு மரியாதை கூடியது. அங்கே பேசுகிறவள் குறைந்தபட்சம் ஒரு பெண், பெயரோடு, தனக்கு நடந்த அநியாயத்தோடு.

அதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைக்கவில்லை. 2014 முதல் 2024 வரை நான்கு 'அரண்மனை' வந்தாயிற்று. பெண்ணின் உடம்பைக் கேலி செய்கிற காமெடியைத் தாண்டித்தான் பேயிடம் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. 'காஞ்சனா'வில் (2011) நிலத்தைப் பறிகொடுத்துக் கொலையான திருநங்கை நியாயம் கேட்டு வருகிறாள். சரத்குமார் நன்றாகவே நடித்தார். ஆனால் கூத்தாண்டவர் திருவிழாவுக்காக ஒவ்வொரு சித்திரையிலும் திருநங்கைகள் வந்து தங்குகிற விழுப்புரத்துக்காரியாகக் கேட்கிறேன், அந்த வேடத்துக்கு ஒரு திருநங்கை கிடைக்கவில்லையா? இந்தக் கேள்விகளை எல்லோருக்கும் முன்னால் கேட்கிறவள் ரசிகைதான். பத்து தடவை பார்த்தவளுக்குத்தான் எந்த ரீலில் படம் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று தெரியும். பார்க்காமலே நிராகரிக்கிறவர்களுக்குத் தெரியாது.

காரைக்கால் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் பயந்து விலகிப் போனபின், அழகு உடம்பைக் கழற்றிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. தன்னைப் பேய் என்றே பாடலில் சொல்லிக்கொண்டவர். அவரைக் கும்பிடுவோம், அவர் பேத்தி பேய்ப் படம் பார்த்தால் மட்டும் முகம் சுளிப்போமா?

எனக்கு வேண்டியது இரவுக் காட்சி. 2015இல் வந்த 'மாயா'வில், கைக்குழந்தையோடு தனியாகத் திண்டாடுகிற ஒருத்தி, ஐந்து லட்சம் ரூபாய்ப் பரிசுக்காக யாருமில்லாத தியேட்டரில் ராத்திரி பேய்ப் படம் பார்க்க உட்காருவாள். அந்தக் காட்சியில் நயன்தாராவைச் சுற்றியிருக்கும் காலி நாற்காலிகளைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் ஊரில் பேய் வரும் என்று பயந்தா பெண்கள் இரவுக் காட்சிக்குப் போகாமல் இருக்கிறார்கள்?

போன மாதம் நாங்கள் நான்கு பேர் விழுப்புரத்தில் போனோம். படம் முடிய மணி ஒன்றாகிவிட்டது. திண்டிவனம் போவதை விட்டுவிட்டு ஒரு சிநேகிதியின் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவள் மாமியார்தான் திறந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம்.

"பேய்ப் படமா?"

"ஆமா அத்தை."

"கடைசில அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?"

"பேய ஓட்டிட்டாங்க அத்தை. புருஷன் கூட்டிட்டுப் போயிட்டான்."

"அதானே" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைக்கப் போனார்.