தண்ணி கலந்த முகங்கள்

2019 கடைசியில் நாடு முழுக்க இளைஞர்கள் பெயின்ற் வாளியோட தெருவுக்கு இறங்கினது எல்லாருக்கும் நினைவிருக்கும். யாழ்ப்பாணத்து மதில்களும் அப்ப நிறம் மாறின. எதை வரைந்தார்கள், எதை விட்டார்கள் என்ற அரசியலைப் பலர் எழுதிவிட்டார்கள். நாங்கள் கதைக்க வாறது அதைவிடச் சின்ன விசயம்: அக்ரிலிக்குக்குள்ள எவ்வளவு தண்ணி விடுகிறோம்?

இப்ப கரவெட்டிப் பக்கமும் எயார்பிரஷ் பிடிக்கிற பெடியள் இருக்கினம். சிவத்தம்பியின்ர ஊர், வாசிகசாலை மதிலென்றாலும் பள்ளிக்கூட மதிலென்றாலும் சனம் கேட்கிறது முகம்தான். படிப்பித்த வாத்தியார், செத்துப்போன பிள்ளை. ஆனால் இரண்டு மாரி போனால் பின்னணி நிற்குது, பெயர் நிற்குது, முகம் போய்விடுகுது.

காரணம் விளங்காத ஒன்றில்லை. அக்ரிலிக் என்பது நிறத்தூளும் பிளாஸ்ரிக் பிசினும் தண்ணியில் மிதக்கிற கலவை. தண்ணி ஆவியாகப் பிசின் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டித் தோலாகும். அளவு மீறித் தண்ணி விட்டால் அவை விலகிப்போகும், தோல் பிடிக்காது. தடவினால் நிறம் கையோட வரும். கன்னத்து நிழல், கண்ணிமை எல்லாம் ஆக நீர்த்த கலவையால் அடிக்கிறது. அதுதான் முதலில் உதிருது.

நிரப்புகிற வேலைக்கு 0.5 மி.மீ. நுனியும் கறந்த பால் பதமும் 25, 30 பிஎஸ்ஐ அழுத்தமும் சரி. நுணுக்கத்துக்கு 0.2, 0.3 நுனி, அழுத்தம் 15 அளவில், கலவை இன்னும் இளக்கமாக வேணும். அந்த இளக்கத்தைத் தண்ணியால் மட்டும் கொண்டுவரக் கூடாது என்பதுதான் எங்கட வாதம். எயார்பிரஷ் மீடியத்துக்குள் பிசின் இருக்கு. அது இளக்கும், தோலையும் காக்கும். கொஞ்சம் தண்ணி வேணுமென்றாலும் கிணத்துத் தண்ணி வேண்டாம். சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாற தண்ணி கேத்திலின் அடியில் என்ன படிய விடுகுதென்று எல்லா வீட்டிலயும் தெரியும். பற்றரிக்கு விடுகிற தண்ணி ஒரு போத்தல் போதும். (சுண்ணாம்பு அடித்த பழைய மதிலைச் சுரண்டாமல் அடிக்கிறவைக்கு இந்த ஆலோசனை ஒன்றும் உதவாது.)

2022க்குப் பிறகு மீடியம் வாங்கக் காசு எங்க என்று கேட்பீங்கள். நியாயம்தான். படம் கேட்கிறவை சதுர அடிக்கு விலை பேசுகினம், மதில் முழுக்க வேணுமென்கினம், பெடியளும் வாளிக்குள்ள தண்ணியை ஊற்றிச் சமாளிக்கினம். தெரு ஓவியம் அழியத்தானே வேணும் என்று சில நண்பர்கள் சொல்லுகினம். சுலோகத்துக்கு அது பொருந்தும். பிள்ளையின்ர முகத்தைக் கேட்டு வந்த தாயிட்ட அப்படிச் சொல்ல ஏலாது. மதில் முழுக்க வேண்டாம், நாலடிக்கு நாலடி போதும், மிச்சக் காசு மீடியத்துக்கு என்று முதல் நாளே சொல்லிப்போடுங்கோ.